அப்பாவின் முதுகு

"கடைசியா எப்பம் இவியளத் திருப்பிப் படுக்க வச்சிய?"

கன்னியாஸ்திரீ அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அப்பாவை ஏற்றி வந்த வேன் இன்னும் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அண்ணன்மார் இரண்டு பேர், பெரிய மதினி, நான் என்று நாலு பேர் போயிருந்தோம். என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி எடுத்தார் என்று கேட்டிருந்தால் போட்டி போட்டுக்கொண்டு சொல்லியிருப்போம். இந்தக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு வயிற்றில் புற்று. மதுரையில் பார்த்த டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்று கையை விரித்துவிட்டார். எப்போதும்வென்றானுக்குப் பக்கத்து ஊரில், சொந்த வீட்டில், நாற்பது நாள் மல்லாக்கப் படுத்தபடி கிடந்தார். அவராகப் புரண்டு படுக்கத் தெம்பில்லை. நான் கோவில்பட்டியில் வாக்கப்பட்டவள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன்.

ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஊரே திரண்டு வந்து பார்த்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. வந்தவர்களுக்குக் காப்பி போட்டே மதினிமாருக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனால் அப்பா இரவும் பகலும் முனகினார். அறையில் ஒரு வாடை. புற்றுநோய் என்றால் முனகலும் வாடையும் இருக்கத்தான் செய்யும் என்று சாம்பிராணி போட்டோம்.

பிழைக்கமாட்டாதவர்களை வைத்துப் பார்க்கும் அந்த இல்லத்தைப் பற்றிச் சொன்னது ஊருக்கு வந்துபோகும் நர்சம்மா. எங்கள் பக்கத்தில் அதைச் 'சாவு மடம்' என்பார்கள். முனகலைக் கேட்கச் சகிக்காமல்தான் பெரியண்ணன் ஒத்துக்கொண்டான். அதுவும் பத்தே நாளுக்கு. உயிர் வீட்டில்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குள் தலைநிமிர முடியாது என்பது அவன் கட்சி. அப்பாவுக்குத் துணையாக நான் தங்குவது என்று முடிவாயிற்று. பெரிய மதினி என் காதைக் கடித்தாள்: "சூதானமா இருந்துக்கோ. சாகுற நேரத்துல தண்ணியத் தெளிச்சு வேதத்துல சேத்து, கிறிஸ்தவராக்கிருவாவ."

கேள்வி கேட்ட கையோடு கன்னியாஸ்திரீ அம்மா, அங்கே வேலை பார்த்த ஆயாவைக் கூப்பிட்டு இருவருமாக அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். துணி முதுகோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெந்நீர் விட்டு நனைத்து, மெதுவாக உரித்தெடுத்தார்.

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், என் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. எலும்பைச் சுற்றி ஏதோ அசைந்தது. எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புழு.

சின்னண்ணன் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இந்த மனிதரின் நெற்றியில் காலையில்தான் விபூதி பூசி, கழுத்தில் பவுடர் போட்டுக் கூட்டி வந்திருந்தேன்.

"முன்பக்கம் மாப்பிள்ள மாதிரி வச்சிருக்கிய" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

எப்படி நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மாமனார் உடம்பை மருமகள் தொடக்கூடாது. பெற்ற மகள் ஆனாலும் நான் இன்னொரு வீட்டுக்குப் போனவள், அப்பாவின் வேட்டியை விலக்கிப் பார்ப்பேனா? அம்மாவோ செத்து ஆறு வருஷம் ஆயிற்று. இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்ட துணியைப் பெரியண்ணன்தான் மாற்றுவான். அதையும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உருவி எடுத்து, வேறொன்றைச் செருகிவிடுவான். பெற்ற தகப்பனின் நிர்வாணத்தைப் பார்க்கலாமா என்று மரியாதை. நாசமாய்ப் போன மரியாதை.

அங்கே பெரிய வசதி ஒன்றும் கிடையாது. எட்டுக் கட்டில், ஓட்டுக்கூரை, வாரத்துக்கு ஒரு முறை வந்து போகும் டாக்டர். மாத்திரைகளும் சாதாரண மாத்திரைகள்தான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வாடை வருமே, அந்த டர்பன்டைனில் பஞ்சை நனைத்துக் குழியில் வைத்தார்கள். வெளியே வந்த புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். படுக்கையில் வாழைக் குருத்தை விரித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இடது பக்கம், பிறகு வலது பக்கம். விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும், "அய்யா, திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார்கள். செத்துக்கொண்டிருக்கிறவரிடம் அனுமதி கேட்பதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். தண்ணீர் தெளித்து யாரும் வேதத்தில் சேர்க்கவில்லை. விபூதி பூச நான் மறந்துபோன ஒரு காலையில் அந்த அம்மாதான் ஞாபகப்படுத்தினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முனகல் நின்றுவிட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நாற்பது நாள் முனகியதில் பாதி, நோயால் வந்ததே இல்லை. நாங்கள் கொடுத்தது.

பத்தாம் நாள் பெரியண்ணன் வேனோடு வந்துவிட்டான். சட்டைப் பையில் கைக்குட்டை முடிச்சு ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் மண்ணாசை என்பார்கள். சொந்தக் காட்டு மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாய் ஊற்றினால் அடங்கிவிடுமாம். அப்பா ஒருக்களித்தபடி தலையணையில் சாய்ந்து இட்லியைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டதும் அண்ணன் திகைத்து நின்றுவிட்டான்.

"பையில என்னலே முடிச்சு?"

"நம்ம... பருத்திக்காட்டு மண்ணுப்பா."

அப்பா முடிச்சை வாங்கி அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நுணுக்கினார். "பொடியாக் கெடக்கு. இன்னும் உழவு போடலியா?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "வேன் நிக்கிப்பா. கெளம்புவோம்."

"நான் வரல."

"ரெண்டு ஆம்பளப் பிள்ள இருந்தும் தகப்பன மடத்துல போட்டுட்டானுவன்னு ஊரு காறித் துப்பும்ப்பா. இனிமே நாங்களே திருப்பிப் போடுதோம். புண்ணு இருக்கது எங்களுக்கு இப்பந்தான தெரியும்?"

"எனக்குத் தெரியும்லே."

அண்ணனுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"புழு ஊருனது எனக்குத் தெரியாதா? என் உடம்புதான?"

"பெறவு ஏன்ப்பா சொல்லல?" கத்தியே விட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எப்பிடிட்டி சொல்ல? வந்தவன் போனவன் பூராம் எதுக்க உக்காந்திருக்கான். அப்பனப் புழுப் பிடிக்க விட்டுட்டானுவன்னு ஒருத்தன் இவனுவள ஒரு சொல்லு சொல்லிறப்பிடாது. அதான் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இங்கன உள்ளவிய எனக்கு யாரோ. இவியகிட்ட எனக்கு வெக்கம் இல்ல. இங்கனயே கெடக்கேன்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் அதை ஜீரணிக்க முடியவில்லை. தன்னைப் புழு தின்றுகொண்டிருக்க, எங்கள் மானத்தைக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார் மனிதர்.

அண்ணன் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினான். அன்று சாயங்காலம் ஆயா சொல்லிக்கொடுக்க, முதல் தடவையாக அப்பாவைத் திருப்பினான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

சித்திரையில் அப்பா அங்கேயே இறந்தார். புண் ஆறவில்லை, ஆனால் சுத்தமாக இருந்தது. உடம்பை ஊருக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டுவதற்குச் சேலைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். பங்காளிகள் கூடி நின்றார்கள். "மேலோட்டமா ஊத்துங்கலே, நேரமாவுது" என்று சித்தப்பா அவசரப்படுத்தினார்.

பெரியண்ணன் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. குனிந்து, அப்பாவை மெதுவாக ஒருக்களித்து, புண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தான். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

"என்னலே இது?" என்றார் சித்தப்பா.

"நாங்க பாக்காம விட்டது சித்தப்பா. நாப்பது நாளு பக்கத்துலயே இருந்து பாக்காம விட்டது" என்றான் அண்ணன். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க."