மார்கழி இல்லாத கொம்பியூட்டர்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் கொம்பியூட்டர் வாங்கிய எங்கள் ஆட்களில் பெரும்பகுதியினர் என்னிடம்தான் வாங்கினார்கள். மற்றவர்கள் வேறு கடையில் வாங்கி, பழுதானதும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

என் கடை வோபர்னில் ஒரு பிளாசாவில், மீன்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய பலசரக்குக் கடையின் பால் அறையில் வேலை செய்தேன். பிறகு ரிவி திருத்தினேன், வீசிஆர் திருத்தினேன். கொம்பியூட்டர் வந்தபோது அதையும் கழற்றிப் பார்த்தேன். கழற்றிப் பார்த்தால் எனக்கு எதுவும் விளங்கிவிடும். இது படித்து வருவதில்லை.

பிளாசாவின் மேல்மாடியில் ஒரு தமிழ் வானொலி நடந்தது. நடத்தியவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், நல்ல சைவக்காரர். எல்லாமே கசற் நாடாவில்தான் ஓடியது. மரண அறிவித்தல் வாசித்து முடிந்ததும் சோக வாத்தியம் போகவேண்டிய இடத்தில் கசற் மாறி நகைக்கடை விளம்பரம் போனது ஒன்றிரண்டு தரம் நடந்தது. அதனால் தைப்பொங்கல் தொடக்கம் அறிவித்தல்களையும் விளம்பரங்களையும் கொம்பியூட்டரில் ஏற்றி ஓடவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். முடிவெடுக்க வைத்தவன் நான்.

அந்த வேலைக்கு ஒருவரைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். ஊரில் பல்கலைக்கழகத்தில் படித்துப் பொறியியலாளராக வந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். இங்கே ஒரு டோனற் கடையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவியும் பிள்ளையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் இங்கே நிரந்தர வேலை காட்டவேண்டும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். டோனற் கடையில் அவருக்கு அரைநேர வேலைதான்.

வானொலிக்காரர் அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னார்:

"தம்பி, பொங்கலண்டு காலமை இந்த மெசின் பேசினால் ரெக்னீசியன் வேலை உமக்கு, முழுநேரம். பேசாட்டி எனக்குப் பழைய கசற்றே போதும். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

"பேசும் அண்ணை," என்றார் அவர்.

"என்ர கடையிலயிருந்து வாற மெசின் பேசாம விடாது," என்றேன் நான்.

மெசினை ஓட்ட லினக்ஸ் என்ற மென்பொருள்தான் போடவேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றார். மற்றதெல்லாம் பாதியில் உறைந்துபோகும், இது போகாது என்றார். நானும் அப்படித்தான் யோசித்திருந்தேன். கிறிஸ்மஸ் முடிந்த கிழமை, என் கடை மேசையில் எல்லாம் பூட்டி முடித்தோம். சத்தம் வரவைக்கும் ஒலிக் கார்ட் பேசியது. சுவருக்கு அப்பால் மீன் வெட்டுகிறவன் வேலையை நிறுத்திவிட்டு வந்து கேட்டான்.

இதில் கேர்னல், டிரைவர் என்று இரண்டு சொல் வரும். என் வாடிக்கையாளர்களுக்கு விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறேன். கேர்னல் என்பது உள்ளே இருக்கும் பெரிய அதிகாரி. அகதி வழக்கு விசாரிக்கிறவர் மாதிரி, அவருக்குத் தன் பாஷை மட்டும்தான் தெரியும். ஒலிக் கார்ட் என்பது எதிரே இருக்கும் நாங்கள். டிரைவர் நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். அவர் வரவில்லையென்றால் நீங்கள் எவ்வளவு உண்மை சொன்னாலும் வழக்கு நடக்காது. இதை விட நல்ல விளக்கத்தை நான் ஒரு புத்தகத்திலும் காணவில்லை. புத்தகங்களை நான் அதிகம் பார்த்ததுமில்லை.

மெசினை மேலே கொண்டுபோய் வைத்தோம். வானொலிக்காரர் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"முதல் சுவிச்சை நான்தான் போடுவன். நேரம் பாத்து, தேங்காய் உடைச்சுப் போடுறன். நீங்கள் நாளைக்கு வாங்கோ."

மறுநாள் போனோம். மெசின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மெசின் ஓடியது. ஆனால் டிரைவர் ஏறவில்லை. ஐந்தாம் எண்ணில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் கேர்னலைக் கூப்பிட ஓர் எண் வேண்டும், வீட்டு அழைப்புமணி மாதிரி. இரண்டு பேர் ஒரே மணியை அடித்தால் வாசலில் நிற்பது யார் என்று கேர்னலுக்குத் தெரியாது. வானொலிக்கு ஒலிபரப்பு லைன் கொடுக்கும் கொம்பனி தன்னுடைய கார்ட் ஒன்றை நாங்கள் வருமுன் எங்கள் மெசினுக்குள் பூட்டியிருந்தது. அதற்கு ஐந்து. அதன் மேல் ஸ்ரிக்கர் ஒட்டி, கை வைத்தால் லைன் இல்லை என்றும் சொல்லியிருந்தது. எங்களுடையதும் ஐந்து. ஆகவே நான் குறட்டால் எங்கள் கார்டில் எண்ணைத் தீர்மானிக்கும் சின்னத் தொப்பியை இழுத்துப் பத்துக்கு மாற்றினேன். தம்பி டிரைவரில் ஐந்தை அழித்துப் பத்து என்று எழுதினார். அந்தக் காலத்தில் எண்ணை மாற்றினால் டிரைவரைத் திரும்பக் கட்டவேண்டும், அதாவது எழுதினதை மெசினின் பாஷைக்கு மாற்றவேண்டும். மெசினைக் கட்டச் சொன்னார். சில வரிகள் ஓடி, உடனே முடிந்தது. ஏற்றினார்.

ஐந்தாம் எண்ணில் ஆள் இருக்கிறது என்றது மெசின்.

"பத்து எண்டு எழுதினீரோ?" என்று கேட்டேன்.

"எழுதினேன் அண்ணை. இஞ்சை பாருங்கோ, பத்து."

"திரும்ப எழுதும்."

திரும்ப எழுதினார். திரும்பவும் ஐந்து.

இப்படி ஒரு கிழமைக்கு மேல் போனது. டோனற் கடையில் காலை வேலை முடித்து, மாப் படிந்த சப்பாத்தோடு நேரே வருவார். நான் என் பக்கத்தில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். முதலில் தேங்காய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று முழுக்கக் கழற்றித் துடைத்தேன். தண்ணீர் இருக்கவில்லை. மின்விசிறியில் கொஞ்சம் விபூதி இருந்தது. பிறகு கார்டை மாற்றினேன். பிறகு பூட்டும் இடத்தை மாற்றினேன். பிறகு மெமறியை மாற்றினேன். நாலு தரமும் இதுதான் பிழை என்று நான் உறுதியாகச் சொன்னேன். உறுதியாகச் சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார்.

வானொலிக்காரர் இடைக்கிடை எட்டிப் பார்ப்பார்.

"என்ன, பேசுதோ?"

"பேசப் பாக்குது அண்ணை," என்பேன் நான்.

"பெட்டிக்குள்ள கசற் எல்லாம் துடைச்சு வைச்சிருக்கிறன். அவசரமில்லை."

அவருக்கு அவசரமில்லைத்தான். தம்பி கோப்பிக் கோப்பையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டே இருப்பார். வக்கீலிடமிருந்து ரெலிபோன் வந்ததா என்று நான் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்தது.

பொங்கலுக்கு இரண்டொரு நாள் இருக்க, அவர் ஒரு புது வேலை செய்தார். டிரைவருக்குள், அது ஏறின உடனே திரையில் ஒரு வசனம் காட்டச் சொல்லி எழுதினார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், 'நான் வந்திட்டன்' என்று.

"உது என்னத்துக்கு?"

"ஏறுறது நான் எழுதின டிரைவர்தானோ எண்டு பாக்க அண்ணை. எண் பிழைச்சாலும் இந்த வசனம் வரத்தானே வேணும்."

கட்டினார். ஏற்றினார். ஐந்தாம் எண்ணில் ஆள் இருக்கிறது என்று வந்தது. வசனம் வரவில்லை.

அவர் கதிரையில் சாய்ந்தார். "நான் சொல்லுறதை இது கேக்கேல்லை அண்ணை. நான் எழுதுறது ஒண்டு, ஏறுறது இன்னொண்டு."

"நீர் எழுதினதை சேமிக்காமல் விட்டிருப்பீர்," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னோடு அவர் கோபப்பட்டது அந்த ஒரு தரம்தான். "சேமிச்சனான்! இஞ்சை வந்து பாருங்கோவன்!" என்று அந்தக் கோப்புகளையெல்லாம் திரையில் வரிசையாக விரித்தார். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் எழுதின மாதமும் நாளும் நின்றன.

பால் அறையில் வேலை செய்தவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் திகதி தெரியும். இருபது வகைப் பெட்டியில் எது பழையது, எது புதியது என்று பார்த்த உடனே கண் சொல்லும். பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. நான் திரையைப் பார்த்தேன்.

"தம்பி, இண்டைக்கு என்ன மாதம்?"

"ஜனவரி."

"இப்ப எழுதினது எண்டு காட்டுறீர், அதில நவம்பர் எண்டு கிடக்கு. என்ர கடையில டிசம்பரில கட்டினது டிசம்பர் எண்டு கிடக்கு. நீர் புதுப் பாலைக் கொண்டுவந்து பழைய திகதி அடிச்சு வைச்சிருக்கிறீர்."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெசினிடமே இன்றைக்கு என்ன திகதி என்று தட்டிக் கேட்டார். மெசின் நவம்பர் என்றது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர்தான் எனக்கு விளக்கினார். டிரைவரைக் கட்டுகிற கருவி சோம்பேறி. எல்லாவற்றையும் ஒவ்வொரு தரமும் கட்டாது. எழுதினது புதியதா, கட்டினது புதியதா என்று திகதியை மட்டும் பார்க்கும். எழுதினது நவம்பர், கட்டினது டிசம்பர் என்றால் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். ஆகவே ஒரு கிழமையாக ஏறிக்கொண்டிருந்தது என் கடையில் கட்டின பழைய டிரைவர். பழைய விலாசத்தோடு அதே மொழிபெயர்ப்பாளர் திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறார்.

"ஆர் இந்தத் திகதியை மாத்தினது?" என்றார் தம்பி.

வானொலிக்காரரைக் கூப்பிட்டோம். அவர் ஒளிக்கவில்லை.

"நான்தான். மார்கழியில புதுச் சாமான் துவங்கக் கூடாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ? பீடை மாதம். நீங்கள் மெசினை மார்கழியில கொண்டுவந்து தந்திட்டியள், நான் என்ன செய்ய? சுவிச் போட்ட உடனே திகதி வைக்கிற நீலத் திரைக்குப் போய் கார்த்திகை விளக்கீட்டு நாளுக்கு விட்டிட்டன்."

"நீலத் திரைக்குப் போக உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

அவர் என்னைக் காட்டினார். அது உண்மை. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நான் அதைச் சொல்லிக் கொடுப்பேன். வேறு கடைகளில் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

"அண்ணை, திகதியை இப்ப சரியாக்கினால் எல்லாம் சரிவரும்," என்றார் தம்பி.

"ஏலாது."

"ஏன் அண்ணை?"

"இண்டைக்கு மார்கழி. இண்டைக்குத் திகதியைச் சரியாக்கினால் மெசின் மார்கழியில துவங்கின மாதிரி. உந்தத் தேங்காயெல்லாம் வீண். பொங்கலண்டு மாத்துங்கோ."

"பொங்கலண்டு காலமை மெசின் பேச வேணும் எண்டும் சொல்லுறியள்."

"ஓம். பேச வேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய இடங்களில் பேசாமல் இருப்பதும் ஒரு கெட்டித்தனம்.

தம்பி கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி அண்ணை, உங்கட கார்த்திகை கார்த்திகையாவே இருக்கட்டும்," என்று சொல்லி, கட்டி வைத்திருந்த பழைய துண்டுகள் அத்தனையையும் அழித்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒன்றும் இல்லையென்றால் கருவி சோம்பேறித்தனம் பண்ண முடியாது. முழுவதையும் முதலிலிருந்து கட்டத் தொடங்கியது. அதற்கு நேரம் எடுத்தது. மூவரும் கீழே போய் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தோம். தம்பி தன்னுடையதைச் சாப்பிடவில்லை, கையில் வைத்திருந்தார்.

வந்து ஏற்றினார்.

'நான் வந்திட்டன்' என்றது திரை. அடுத்த வரியில் பத்து என்றது. பிறகு அறை மூலையில் இருந்த பெட்டியிலிருந்து, என் கடையில் அவர் சோதனைக்குப் பதிந்து வைத்த "வணக்கம்" வந்தது.

வானொலிக்காரர் தலையாட்டினார். "பாத்தியளே? நல்ல நாளில துவங்கின மெசின் எப்பிடிக் கதைக்குது."

தம்பி கையில் வைத்திருந்த ரோல்ஸைச் சாப்பிடத் தொடங்கினார்.

பொங்கலன்று காலை, பனி கொட்டிக்கொண்டிருக்க, வானொலிக்காரர் விளக்கைக் கொளுத்திவிட்டுத் தானே மெசினில் தைமாதத் திகதியைத் தட்டினார். கார்த்திகையிலிருந்து நேரே தைக்குப் போனது. மாடிக்கு வந்த பிறகு அந்த மெசின் சரித்திரத்தில் அந்த வருஷம் மார்கழியே இல்லை. முதல் மரண அறிவித்தல் ஒழுங்காகப் போனது. அதற்குப் பின்னால் சோக வாத்தியமும் சரியான இடத்தில் போனது. அவர் தம்பியைக் கூப்பிட்டு வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். அதையும் தை பிறக்கட்டும் என்றுதான் வைத்திருந்தாராம்.

பிறகு நாள் போனது. பேப்பர், மெடிக்கல், பேட்டி என்று இழுத்து, கோடையில்தான் தம்பியின் மனைவியும் பிள்ளையும் வந்தார்கள். விமான நிலையத்துக்கு என் வான் வண்டியில்தான் போனோம். பிளாசாவிலேயே பெரிய வான் என்னுடையது. திரும்பி வரும்போது நான் வானொலியைப் போட்டேன். ஒரு சோப்பு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளை தகப்பனைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இந்தச் சத்தம் எங்கட மெசினிலயிருந்துதான் வருது," என்றேன் அவர் மனைவியிடம். "மெசின் நான் செய்தது. மிச்சம் இவர்."

அந்தத் தங்கச்சி கவனமாகக் கேட்டார்.

"கொஞ்சம் இரையுது என்ன, அண்ணை?"

அது மெசின் இல்லை, என் வானின் அன்ரனா.