கை தூக்காத சித்திரை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்தார்கள். இதய ஆபரேஷனுக்காக நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, மறுபடி கம்பியால் கட்டியிருந்தார்கள். அது ஒன்றுசேரும்வரை இருமினாலும் தும்மினாலும் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. எதையும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. முக்கியமாக, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கவே கூடாது. டாக்டர் இதையெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். என் லட்சணம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

எனக்குச் சும்மா இருக்க வராது. கோபம் வேறு மூக்குக்கு மேல் வரும். என் சமையலறையில் இன்னொருவர் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதைவிட ஆபரேஷனே தேவலை என்று தோன்றியது. தலைவாரக் கையைத் தூக்கக் கூடாதென்பதால் என் வீட்டுக்காரர்தான் பின்னிவிட்டார். தொழிற்சாலையில் யூனியன் கொடி கட்டிய கை. பின்னலையும் கொடிக்கயிறு மாதிரி இறுக்கினார். வலிக்கிறது என்று கத்தினேன். மறுநாள் தளர்த்திப் பின்னினார், மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிட்டது. அதற்கும் கத்தினேன். அவர் மறுபடி சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எழுந்திருக்கும்போது நான் கையை ஊன்றாமல் எழுகிறேனா என்று மட்டும் கவனமாகப் பார்ப்பார்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில். இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும் இவர் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். பெருமாள் புறப்பாடு வருகிறதென்று தெருவே வாசலுக்கு ஓடினால், இவர் உள்ளே போய்ப் பேப்பரை விரிப்பார். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். பிறகு உன் வழி உனக்கு, என் வழி எனக்கு என்று ஆகிவிட்டது.

அந்தச் சித்திரைத் திருவிழாவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டதும் தலையணையோடு வாசலுக்கு வந்து நின்றேன். குடைக்கு அடியில் பெருமாள் அசைந்து அசைந்து வந்தார். இந்த ஊர்க்காரர்களுக்குக் கும்பிடக் கை தானாக மேலே போய்விடும், யாரும் யோசித்துத் தூக்குவதில்லை. தலையணை காலடியில் விழுந்த பிறகுதான் என் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குவிந்திருப்பதே தெரிந்தது. நெஞ்சுக்குள் டக்கென்று ஒரு சத்தம்.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார். காவிரிப் பாலத்தில் ஆட்டோ தூக்கிப்போடும்போதெல்லாம் நான் தலையணையைக் கட்டிக்கொண்டேன், அவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், எக்ஸ்ரே எடுத்தார். நல்லவேளை, எலும்பு விலகவில்லை. ஆனால் இன்னொரு தடவை இப்படிச் செய்து கம்பி விட்டுப்போனால் திரும்பத் திறந்துதான் கட்ட வேண்டியிருக்கும் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். அந்த மேஜையில் இன்னொரு முறை படுக்க எனக்குத் தெம்பில்லை.

தேர் அன்று காலையிலேயே பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வருஷா வருஷம் தேர் வடத்தைப் பிடித்து இழுத்தவள் நான். இந்த வருஷம் அது முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். ஆனால் பெருமாள் வீட்டு வாசலுக்கே வரும்போது ஒளிந்து உட்கார வேண்டியிருக்கிறதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வெயில் ஏறிய பிறகு ‘ரங்கா, ரங்கா’ என்ற சத்தம் தெருமுனையில் கேட்டது. அவர் கதவைத் திறந்தார்.

“வா, வாசலுக்குப் போலாம்.”

“வேணாங்க. என் கையை நானே நம்ப மாட்டேன்.”

“நான் புடிச்சுக்கிறேன். எழுந்திரு.”

வாசலில் எனக்குப் பின்னால் நின்று, என் கைகளைத் தலையணையோடு சேர்த்துத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தெருவே பார்க்க இப்படி நின்றதில்லை நாங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தேர் முனை திரும்பியது. சுற்றிலும் எல்லாக் கைகளும் மேலே போயின. என் தோள்களும் எழும்பப் பார்த்தன, அவர் விடவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

காதோரமாகச் சொன்னார்: “நீ தூக்காத. உனக்காக நான் தூக்குறேன்.”

தலையணையை நான் இறுக்கிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் பிடியை விட்டார். என் பக்கத்தில் வந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். முதலில் முஷ்டி மூடித்தான் இருந்தது, யூனியன் கோஷம் போட்ட பழக்கதோஷம். பக்கத்து வீட்டுக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, விரல்களை விரித்துக் குவித்தார்.

நான் தேரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?” என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தேர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரங்க” என்றேன்.