கரடியின் கண்

"காட்டின் மடியில் பிறந்தவர். பூர்வகுடி ஓவிய மரபின் அஞ்சாத குரல்." குழந்தைகளுக்கான படப் புத்தகத்தின் பின்னட்டையில் அவளைப் பற்றி இப்படித்தான் போட்டிருந்தார்கள். அவள் பிறந்தது அரசு மருத்துவமனையில். காட்டைப் பார்த்தது பேருந்து ஜன்னல் வழியாக, அதுவும் தூக்கக் கலக்கத்தில். பிழைப்பு, தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது. அஞ்சாத குரலா? லிஃப்டுக்கு அஞ்சுவாள், நாய்க்கு அஞ்சுவாள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைபேசிக்கு அஞ்சுவாள். அதில் யார் என்ன கேட்டாலும் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவள் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி இரண்டு இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

ஆனால் வரைவாள். அவளுடைய ஆட்கள் சுவரில் வரைந்துகொண்டே கதை சொல்கிறவர்கள். எல்லாவற்றையும் வரைந்துவிட்டு மிருகத்தின் கண்ணை மட்டும் வெறுமையாக விடுவார்கள். கதை முடிந்ததும், கேட்ட குழந்தை விரலைச் சாயத்தில் தோய்த்துக் கண் வைக்கும். கண் வைத்த படத்துக்கு அப்புறம் கதை கிடையாது. அடுத்த குழந்தைக்கு அடுத்த படம்.

கரடிக் கதை அவள் அத்தையுடையது. புத்தகத்துக்குக் கொடுக்கும்போதே அத்தை சொல்லிவிட்டாள்: "கண்ணோட வந்துச்சுன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். உன் பொண்ணுக்கும் சேத்துத்தான்." அத்தை கோபித்தால் சமாளிக்கலாம். வாயை மூடினால் யாராலும் திறக்க முடியாது.

அன்று காலை கைப்பேசிக்கு அட்டைப்படம் வந்தது. கரடி அவளைப் பார்த்தது. உருண்டைக் கண், நடுவில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி. பதிப்பாளரம்மா போன வாரம் தொலைபேசியில் ஏதோ கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "கரடிக்குக் கண்ணு விட்டுப் போச்சு போல, நாங்களே வச்சிடட்டுமா?" அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

"இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லேன்," என்றான் கணவன்.

"ஃபோன்ல பேசினா சரின்னு சொல்லிடுவேனே!"

"அப்போ நேர்ல போங்க, வீராங்கனை. இன்னிக்குத்தான் அச்சாகுதாமே."

போனாள். அச்சகத்தின் நான்கு மாடியும் படியேறினாள். மேலே தரையே அதிர்ந்தது. இயந்திரம் கரடிகளாகக் கக்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் கண் விழித்த கரடிகள்.

பதிப்பாளரம்மா நல்லவர், அதுதான் தொந்தரவு. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க! நல்லா வந்திருக்கா?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"நல்லா இருக்குங்க," என்றது அவள் வாய். அவளைக் கேட்காமலேயே.

ஒவ்வொரு தாள் விழும்போதும் அத்தையின் உதடு இறுகுவது தெரிந்தது. மகள் கரடியைக் காட்டிக் கதை கேட்பாள். அத்தை சுவரைப் பார்ப்பாள். திரும்பி ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தாள். பக்கத்தில், இயந்திரத்தின் விலாவில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது.

"ஏம்மா, அதத் தொடாதீங்க!" என்று மெஷின்காரர் அலறினார்.

அதற்குள் அவள் அதை அழுத்திவிட்டாள். சத்தம் அடங்கியது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கண்ண எடுத்துடுங்க. அது கதை கேக்கிற குழந்தை வைக்கிறது."

"நீங்கதானே சரின்னீங்க?" என்றார் பதிப்பாளரம்மா.

"பயத்துல சொன்னேங்க."

"இப்போ?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. எடுத்துடுங்க."

பதிப்பாளரம்மா மெஷின்காரரிடம் கண்ணை எடுக்கச் சொன்னார். கண்ணில்லாத கரடி அச்சாகி வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.