இருட்டில் வளர்ந்த பீட்ரூட்

பெங்களூரு மழைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாள் முழுக்கச் சாதுவாக இருந்துவிட்டு, ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து அடித்து ஊற்றும். மொட்டை மாடியில் மண் நிரப்பிய பைகளில் நான் நேராகப் போட்ட பீட்ரூட் விதைகளை இரண்டு முறை அப்படித்தான் அரித்துக்கொண்டு போனது. அதனால் அடுத்த முறை வீட்டுக்குள், ஜன்னலோரம், குழி குழியாக இருக்கும் நாற்றுத் தட்டில் விதைத்தேன். பாதி பீட்ரூட், பாதி சார்ட். சார்ட் பீட்ரூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. கிழங்கு வைக்காது, மஞ்சளும் சிவப்புமாகத் தண்டு விடும் கீரை.

அப்பா போன பிறகு, அருப்புக்கோட்டையிலிருந்து அம்மாவை லிங்கராஜபுரத்தில் என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். அவளுக்கு இங்கே ஒட்டவே இல்லை. "எனக்கு எப்ப டிக்கெட் போடுவ?" என்றுதான் காலைக் காப்பியே தொடங்கும். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில், பூட்டிய வீட்டை நானே திறந்து உள்ளே நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆபீஸில் வேலை கழுத்தை நெரித்த ஒரு வாரம், தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை அம்மாவிடம் விட்டேன். வார முடிவில் பார்த்தால் ஜன்னலோரத்தில் தட்டைக் காணோம். அம்மா ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போய், கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினாள்.

"பாத்தியா, எம்புட்டு ஒசரம்!"

நூல் மாதிரி வெளிறிய ரோஸ் தண்டுகள், உச்சியில் பொட்டளவு இலைகள். அவள் செய்திருந்தது முளைப்பாரி. எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்குத் தானியங்களைச் சட்டியில் முளைக்கவைத்து, வெளிச்சம் படாமல் மூடி வளர்ப்பார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. தெருவிலேயே அம்மாவுடையதுதான் உயரம். ஆனால் எங்கள் தெருவில் தாலி இழந்தவர்கள் முளைப்பாரி போடுவதில்லை. இந்த வருஷம் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை அத்தனையும் சாய்ந்து படுத்திருந்தன. முளைப்பாரி சாய்ந்தால் நல்லதல்ல என்பார்கள். அம்மா முகம் செத்துப்போயிற்று.

"இந்த ஊரு எனக்கு ஆகலடி. டிக்கெட்டப் போட்டுரு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு அப்போதே டிக்கெட் போட்டேன். போட்ட கையோடு, "சாமி குத்தமெல்லாம் இல்லம்மா. இருட்டுல செடி வெளிச்சத்தத் தேடி எட்டி எட்டிப் பாக்குது. அதுலயே தெம்பு தீந்துபோகுது," என்றேன்.

அம்மா சாய்ந்த தண்டு ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமும் நான் வளத்ததெல்லாம் வெளிச்சத்தத் தேடித்தான் வளந்துச்சா?"

"ஆமா."

"அடிப்பாவி. ஒசரம் ஒசரம்னு எல்லாரும் மெச்சுனாங்களே!" சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "சரி, இத மண்ணுல வச்சாப் பொழைக்குமா?"

தெரியாது என்றேன். தண்டை இலைக்குக் கீழ்வரை புதைத்து வைத்தால் பிழைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போனோம். ஒரு குழியைப் பிதுக்கினால் மூன்று நாற்று வந்தது. குழிக்கு ஒரு விதைதான் போட்டேன் என்று சத்தியம் செய்தாலும் அம்மா நம்பவில்லை. மிச்ச விதையில் ஒன்றை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். சுருங்கிய ஓட்டுக்குள் பொடிப்பொடியாக இரண்டு மூன்று விதைகள் இருந்தன. "ஒரே வீட்டுல கூட்டுக்குடித்தனம்," என்றாள். வேர் அறாமல் அவற்றைப் பிரிப்பதில் என் விரல்கள் தடுமாறின; அவள் தண்ணீரில் அலசி லேசாகப் பிரித்தாள். ஒவ்வொன்றையும் வேர் மடங்காமல் இறக்கி, மண்ணை அணைத்துவிட்டாள். மழை அடிக்காமல் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்தோம்.

சில மறுநாளே கருகின. சனிக்கிழமை காலை அம்மாவைக் காணாமல் மாடிக்கு ஓடினேன். மண் பைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பிழைத்த நாற்று ஒன்று நிமிர்ந்து, நடுவில் புது இலையின் நுனியை நீட்டியிருந்தது.

"ஊருல திருவிழா முடிஞ்சதும் முளைப்பாரியத் தண்ணியில கரைச்சுட்டு வந்துருவோம்," என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "அதுக்கப்புறம் அது என்னாகும்னு நான் ஒரு நாளும் பாத்ததில்லடி. இது கெழங்கு வைக்க எம்புட்டு நாளாகும்?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்."

"அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணு." எழுந்து புடவையில் மண்ணைத் தட்டினாள். "ஒனக்காக ஒண்ணுமில்ல. இது என்னாகுதுன்னு பாக்கணும்."

எனக்கு அது போதுமாக இருந்தது.