மஞ்சள் வைத்த பாஸ்போர்ட்

முப்பது வருடம் ஒரு தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். வாங்கியதைவிடத் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். ஜெராக்ஸ் மங்கலாக இருந்தால் போதும், காகிதத்தைப் பார்த்தபடியே "நாளைக்கு வா" என்பேன். ஆளை நிமிர்ந்து பார்க்கும் பழக்கமில்லை. வீட்டில் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். நான் சரிபார்த்த காகிதம் உலகத்தில் எந்த ஆபீசிலிருந்தும் திரும்பி வராது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்து கெடுத்தது.

ஓய்வு பெற்ற புதிதில், எங்காவது போய்வரலாம் என்று மனைவியிடம் சொன்னேன். திருப்பதி, ராமேஸ்வரம் என்று ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஒட்டகச்சிவிங்கி பாக்கணும்" என்றாள்.

"வண்டலூர்ல இருக்குதே."

"கம்பிக்குள்ள நிக்கிறத பாத்தாச்சிங்க. அது ஓடறத பாக்கணும்."

தினமும் சாப்பிடும்போது டிவியில் அதைத்தான் பார்ப்பாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். கேட்டால் நான் மனுவாக எழுதித் தரச் சொல்வேன் என்று பயந்திருக்கலாம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஏஜெண்டு, பன்னிரண்டு பேரைச் சேர்த்து எட்டு நாள் தென்னாப்பிரிக்கா கூட்டிப்போவதாகச் சொன்னார். பேர் கொடுத்ததும் விசாவுக்கு வேண்டிய பட்டியலை அனுப்பினார். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திய ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், போகவர டிக்கெட், ஓட்டல் புக்கிங், பென்ஷன் உத்தரவு, வெள்ளைப் பின்னணியில் போட்டோ. பாஸ்போர்ட்டில் கறை, கிறுக்கல் கூடாது. இரண்டு பக்கமாவது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். என் மனசுக்கேற்ற ஒரு நாடு ஆப்பிரிக்காவில் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தாய், தகப்பன் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. எங்கள் மகனுக்கு முப்பது வயது. பெங்களூரில் வேலை. அவன் வரவும் இல்லை. இருந்தாலும் ஒரு காகிதம் குறைந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவனுடைய பழைய சான்றிதழையும் ஃபைலில் வைத்தேன்.

சென்னை விசா மையத்தில் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். மனைவியுடையதைத் திறந்த கவுண்டர் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்ன சார்?"

போட்டோ இருந்த பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுநடுவே குங்குமம். எதிர்ப்பக்கத்தின் தலையில் மஞ்சளாலேயே ஒரு பிள்ளையார் சுழி. ஈரம் ஊறி அடுத்த நான்கு பக்கத்திலும் இறங்கியிருந்தது.

"மஞ்சள்தான்மா. மங்களகரமானது."

"கறை இருந்தா வாங்கமாட்டாங்க சார். புதுசா மாத்திட்டு வாங்க." சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். வருத்தப்பட்டாள் என்றே நினைக்கிறேன்.

நான் எத்தனை முறை அந்த ஃபைலைப் புரட்டியிருப்பேன்! மஞ்சள் என் கண்ணில் படாமல் இல்லை. அது கறை என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையோ புது நோட்டோ, மூலையில் மஞ்சள் வைக்காத எதையும் எங்கள் பக்கம் நல்ல காகிதமாக மதிப்பதில்லை.

பஸ் ஏறியதிலிருந்து அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாஸ்போர்ட்டும் பஞ்சாங்கமும் ஒன்றா, புத்தி வேண்டாமா என்று ஏதேதோ பேசினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். உளுந்தூர்பேட்டை தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆயுத பூஜையன்னிக்கு உங்களுதுக்கு நான் வெச்சேன். மேல அட்டையில ஒரு பொட்டு. அப்பறமா தொடச்சிட்டேன். என்னுதுக்கு யாரு வெச்சாங்க?"

எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே பிரித்து வைத்தவன் நான்தான்.

அதோடு இன்னொருவரும் ஞாபகத்துக்கு வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலேயிருந்து, மகனின் சாதிச் சான்றிதழுக்காக இரண்டு பஸ் மாறி வந்தவர். தேன் பாட்டிலோடு ஒரே பையில் மனுவையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் தேன் கறை. "இன்னாய்யா இது? மாத்தி எடுத்துக்கினு நாளைக்கு வா" என்றேன். மூன்று முறை வரவைத்தேன். ஒவ்வொரு முறையும் "சரிங்க சார்" என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

குழு புறப்பட ஏழு வாரம்தான் இருந்தது. அதற்குள் புது பாஸ்போர்ட் வாங்கி, விசாவும் வாங்க வேண்டும். பழையது எப்படிச் சேதமானது என்று பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். ஊருக்கே மனு சொல்லிக்கொடுத்த எனக்கு முதல் வரி ஓடவில்லை. கடைசியில் "எதிர்பாராத மழையில் நனைந்துவிட்டது" என்று எழுதி, அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"மழ எங்கங்க மஞ்சளா பேஞ்சிது? பொய்யில எல்லாம் கையெழுத்து போடமாட்டேன். நான் சொல்றத எழுதுங்க."

எழுதினேன். 'என் கணவர் அதிகப்படியான கவனத்துடன் மஞ்சள், குங்குமம் வைத்ததால் சேதமடைந்தது.' முப்பது வருடத்தில் இவ்வளவு சுருக்கமான, உண்மையான மனுவை நான் வாங்கியதில்லை. அதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். புது பாஸ்போர்ட் வந்த அன்றே அவள் அதை என் மஞ்சள் கை படாமல் அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள்; விசாவுக்குக் கொடுக்கத்தான் வெளியே எடுத்தாள். விசா, குழு கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அதுவரை டிவியில் ஒட்டகச்சிவிங்கி வந்தாலே அவள் சேனலை மாற்றிவிடுவாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இறங்கி வரிசையில் நின்றோம். எதற்கு வந்தாய் என்று கேட்டால் "டூரிசம், எட்டு நாள்" என்று சொல்ல அவளுக்கு விமானத்திலேயே பாடம் நடத்தியிருந்தேன். அதிகாரி கேட்டார். அவள் ஒரு கையைத் தலைக்கு மேலே கழுத்துபோல உயர்த்தி, "ஜிராஃப்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சுத்தமான பக்கமாகப் பார்த்து முத்திரை குத்தினார். அவள் தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்து நான். அவர் கேட்பதற்கு முன்பே முழு ஃபைலையும் பிரித்து வைத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு காகிதத்தில் நின்றார். மகனுடைய பிறப்புச் சான்றிதழ். முழுக்கத் தமிழில் இருந்தது. இது என்ன என்றார், சொன்னேன். அவர் எட்டி எனக்குப் பின்னால் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"குழந்தை எங்கே?"

குழந்தை பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கிறது என்று என் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்துகொண்டே போனது. மேலதிகாரியைக் கூப்பிட்டார். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, இன்னிக்கே வர்றீங்களா, இல்ல நாளைக்கு வர்றீங்களா?"