கடையில் இல்லை என்று நான் சொன்ன மருந்து

என் மனைவிக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புண். வயிற்றோட்டமும் இரத்தமுமாக மெலிந்துபோனவளுக்கு மன்னார் ஆஸ்பத்திரியில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். விழுங்கும் குளிசைகளோடு சிறு போத்தல்களில் திரவ மருந்தும் தந்தார்கள். படுக்கப்போகும்போது அதை ஆசனவாயில் செலுத்தி, இடப்பக்கம் சரிந்து படுத்திருக்க வேண்டும். புண்ணிலேயே மருந்து படவேண்டும், குளிசை மட்டும் போதாது, சுகமாக இருக்கிறதென்று இடையில் நிறுத்தவும் கூடாது என்றார் டொக்டர். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு எல்லாம் நன்றாக விளங்கியது.

தந்த போத்தல்கள் முடிவதற்குள் இரத்தம் நின்றது. அடுத்ததை வெளியே வாங்கச் சொன்னார்கள்.

மன்னார் பாமசியில் வேலைக்கு நின்றவள் என் பழைய மாணவி, எங்கள் விடத்தல்தீவுப் பிள்ளை. கோயிலில் ஞாயிறு பூசையில் நான் பைபிள் வாசகம் வாசிக்கும்போது பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பவள்.

"என்ன சேர் வேணும்?"

டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்ட கையை எடுத்துவிட்டேன்.

"தலையிடிக் குளிசை தா பிள்ளை."

வேறு கடைகளில் கேட்டிருக்கலாம். அங்கேயும் யாராவது "சேர்" என்று எழும்பி வருவார்கள்.

வீட்டுக்கு வந்து, "மருந்து இல்லையாம்" என்றேன். பெற்றோலும் பால்மாவும் இல்லாதிருந்த காலம் அது. யாரும் நம்பக்கூடிய பொய்.

"இல்லாட்டி விடுங்கோ. இந்த வெயிலுக்க என்னத்துக்கு அலைஞ்சனீங்கள்?" என்று தேசிக்காய் பிழிந்து சீனி கரைத்துத் தந்தாள். வாங்கிக் குடித்தேன்.

தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதையே சொன்னேன். இரத்தம் திரும்பி வந்தது. பூசை நடுவில் எழும்பி ஓடவேண்டி வருமே என்று அவள் கோயிலுக்குப் போவதை விட்டாள். பிறகு வீட்டைவிட்டே இறங்கவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் முகம் சுளித்தார். "இப்பிடியே போனால் குடலை வெட்டிற நிலைமையும் வரலாம். போத்தில் மருந்து போடுறேல்லையோ அம்மா?"

"கடையள்ல இல்லை டொக்டர்."

"இப்ப எல்லா இடமும் கிடைக்குதே!"

"இல்லை டொக்டர். இவர் மாசாமாசம் போய்க் கேக்கிறவர். இவர் பொய் சொல்லுற ஆளில்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

"மருந்து இருந்தது. நான்தான் கேக்கேல்லை. வெக்கமாயிருந்தது," என்றேன்.

டொக்டர் புதிய துண்டு எழுதினார். "இன்னும் பிந்தேல்லை. ஆனா இனி ஒரு நாளும் விடக்கூடாது," என்று அதை என்னிடம் தராமல் அவளிடம் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் கழுதைகள் தெருவை மறித்து நின்றன. அவை விலகும்வரை நாங்களும் நின்றோம். அங்கேதான் அவள் கேட்டாள்:

"வயித்தில வருத்தம் எனக்கு. நீங்கள் ஏன் வெக்கப்பட்டனீங்கள்?"

"எனக்கே விளங்கேல்லையப்பா."

"தேசிக்காய்த் தண்ணியையெண்டாலும் வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்."

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. துண்டை என் கையில் வைத்தாள்.

பாமசியில் ஆட்கள் நின்றார்கள். "என்ர மனிசிக்குப் பின்பக்கத்தால ஏத்திற மருந்து வேணும் பிள்ளை," என்றேன்.

"எத்தினை பெட்டி சேர்?" என்று கேட்டாள் மாணவி. அவ்வளவுதான்.

இப்போது போத்தலை என் இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்துக் குளிர் போக்குவது என் வேலை. "சேருக்கு இப்ப வெக்கம் போயிட்டுதோ?" என்று சீண்டிக்கொண்டே இடப்பக்கம் சரிவாள். நான் எதிரே படுத்துக்கொள்வேன். அவளுக்கு நித்திரை வரும்வரை ஊர்க்கதை பேசுவோம். இரத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. கோயிலுக்கும் வருகிறாள்.

மருந்து வாங்க நான் மன்னாருக்குப் போகும்போது அவளும் கூட வருகிறாள். வீட்டில் பொழுது போகவில்லையாம். நான் அதை நம்புவதுபோல் காட்டிக்கொண்டு, பஸ்ஸில் அவளுக்கு யன்னலோரம் இடம் பிடித்துக் கொடுக்கிறேன்.