சிவநேசனின் வலது கன்னம்

புஷ்பாவின் கையில் கத்தி நடுங்கி யாரும் பார்த்ததில்லை. மலேசியாவில் பாசிர் பெனம்பாங் மீன் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாகச் சியாக்காப் என்னும் கொடுவா மீனை அறுத்துக் கழுவுகிறவள். முதலாளியே அவள் கத்தியைத் தொட யோசிப்பார். அப்படிப்பட்டவளுக்குக் கட்டிய கணவனின் தாடியை மழிக்க மூன்று நாள் ஆயிற்று.

சிவநேசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலப்பக்க முகமும் மரத்துப்போயின. பேச்சும் குழறியது. அன்று விட்ட தாடிதான். முடிவெட்டுகிறவர் வீட்டுக்கே வருகிறேன் என்றதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் ரூபினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரோடு தட்டு மாற்றவேண்டியவர் பெண்ணின் அப்பா. இவரோ, இந்த மூஞ்சியோடு சபையில் உட்காரமாட்டேன், அண்ணன் முருகையா மாற்றட்டும் என்று சொல்லிவிட்டார். ரூபினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூஞ்சிதானே தடை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புஷ்பா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கோல சிலாங்கூர் கடையில் ஒரு மடக்குக் கத்தியும், தூக்கியெறியும் பிளாஸ்டிக் ரேசர் ஒரு கட்டும் வாங்கினாள். வீட்டில் அவருடைய பழைய இரும்பு ரேசர் வேறு இருந்தது. இரு பக்கமும் கூரான பிளேடை உள்ளே வைத்துத் திருகும் வகை.

வியாழக்கிழமை மடக்குக் கத்தி. மீன் கத்திக்குத் தம்பிபோல் இருந்ததால் கை அதைத்தான் தேடியது. உணர்ச்சியில்லாத வலது கன்னத்தில் ஆரம்பித்தால் அவருக்கு வலிக்காது என்று பெரிய புத்திசாலியாக முடிவு செய்தாள். வலிக்காத கன்னம் வெட்டுப்பட்டதையும் சொல்லாது அல்லவா? துண்டு சிவந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சின்னக் கீறல், அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. புஷ்பா பயந்து அழுதுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் ரேசர். ஆபத்தே இல்லாதது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நான்கு மாதத் தாடி இரண்டே இழுப்பில் அதன் இடுக்கை அடைத்துவிட்டது. அவள் அழுத்த, அது முடியைப் பிடுங்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, முதலில் தாடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினாள். வெந்நீர்த் துண்டால் ஒற்றி, சோப்பை நுரைக்க நுரைக்கப் பூசினாள். இரும்பு ரேசரில் புது பிளேடு போட்டாள். இந்த முறை உணர்ச்சியுள்ள இடது கன்னம். இழுத்தாலோ எரிந்தாலோ விரலைத் தூக்கச் சொன்னாள். முதலில் விரல் இறங்கவே இல்லை. மீன் அறுக்கும் கை அழுத்தியே பழகியது. ரேசரின் கனமே போதும், தான் பிடித்திருந்தாலே போதும் என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. பிறகு அவர் விரல் எழவில்லை.

அதே பதத்தில் வலது கன்னத்துக்குப் போனாள். தொங்கிய தோலை இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த போக்கிலேயே ரேசரை இறக்கினாள். ஒரு சொட்டு ரத்தமில்லை. புஷ்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கண்ணாடியைக் காட்டி, இனிமேல் சபையில் உட்கார என்ன தடை என்று கேட்டாள். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையையே பார்த்தார்.

"தாடி இல்ல புள்ள," என்றார் குழறலாக. "எடது கையால தட்டு குடுக்கக் கூடாதுலா. அதான்."

நான்கு மாதமாக அந்தக் கையைக் கழுவித் துடைத்தவளுக்கு இது தோன்றவில்லையே. புஷ்பா எழுந்துபோய்த் தாம்பாளத்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். வலப்பக்கம் உட்கார்ந்து, அவருடைய வலது கையை விளிம்பில் வைத்து, தன் கையால் பொத்திப் பிடித்தாள். அவர் இடது கையால் மறுபக்கத்தைத் தூக்கினார். தட்டு சாயாமல் எழுந்தது.

அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்கள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடு," என்றார் சிவநேசன். "தட்ட நாம மாத்துறோம்னு."